ராஜ ரகசியங்களின் பின்கட்டில்

"என் விடுதலை." வேறோர் இடத்தில், "என் மகன்." அப்புறம் ஒரு பெயர்: வால்சிங்கம்!

பக்கம் பக்கமாகப் போகும் புரியாத குறிகளுக்கு நடுவிலிருந்து இந்த மூன்றும் மேலே எழும்பி வந்ததும், பாரிஸ் தேசிய நூலகத்தில் தப்பான பெயரில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கடிதக் கட்டுக்குச் சொந்தக்காரி யார் என்று தெரிந்துபோயிற்று. ஸ்காட்லாந்து ராணி மேரி! முதலாம் எலிசபெத்தின் பிடியில் ஏறத்தாழ பத்தொன்பது வருஷம் கைதியாக இருந்து, 1587 பிப்ரவரி 8 அன்று சிரச்சேதம் செய்யப்பட்ட அதே மேரி. சிறையிருப்பில் அவர் எழுதி, எந்த வரலாற்றாசிரியர் கண்ணிலும் படாத கடிதங்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஐம்பது!

எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. ஐரோப்பிய அரசியல் வரலாறு என்றால் போர், உடன்படிக்கை, பட்டாபிஷேகம், வருஷங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பாடம் என்று நினைக்கிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த வரலாறு இன்றைக்குத் தயாராகிற பின்கட்டு. பியானோ வாசிப்பவர், இயற்பியல்காரர், கணித மேதை, பற்களை ஆராய்வதற்காகச் செய்த எக்ஸ்ரே இயந்திரம் என்று அங்கே நடமாட்டமே வேறு மாதிரி. வாருங்கள், சத்தம் போடாமல் நுழைவோம்.

முதல் அறையில் மூன்று பேர். ஜார்ஜ் லாஸ்ரி, இஸ்ரேலைச் சேர்ந்த கணினி அறிவியலாளர். நார்பர்ட் பியர்மன், ஜெர்மனியில் இசைப் பேராசிரியர், பியானோ கலைஞர். சதோஷி தொமோகியோ, ஜப்பானில் இயற்பியல் படித்த காப்புரிமை நிபுணர். மூவருக்கும் பொதுவான பித்து ஒன்றே ஒன்று, பழைய சங்கேதக் கடிதங்கள். பிரான்ஸ் தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கும் ஆவணங்களைத் துழாவிக்கொண்டே போனவர்கள், முழுக்க முழுக்கக் குறிகளாலேயே எழுதிய தாள்களைப் பார்த்தார்கள். தேதி இல்லை, யார் எழுதியது என்று இல்லை, யாருக்கு என்றும் இல்லை. பட்டியலில் இருந்த குறிப்போ, இவை 16-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்த இத்தாலிய விவகாரங்கள் என்றது.

இத்தாலி என்று போட்டிருந்தால் இத்தாலிய மொழி என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். கணினி ஒன்றையும் கக்கவில்லை. பிரெஞ்சுக்கு மாற்றினார்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று சொல் துணுக்குகள் தலைகாட்ட ஆரம்பித்தன!

கணினி என்ன செய்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓர் எழுத்துக்கு ஒரே குறி என்று வைத்தால் அந்தச் சங்கேதம் ஒரு மாலைப் பொழுதுக்குக்கூடத் தாங்காது. பிரெஞ்சில் 'எ' எழுத்து அவ்வளவு அதிகமாக வரும். எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணினாலே அது சிக்கிவிடும். அதனால் விவரமானவர்கள் அடிக்கடி வரும் எழுத்துக்கு மூன்று, நான்கு குறிகளை ஒதுக்கி, மாற்றி மாற்றி எழுதுவார்கள். போதாததற்கு ஆட்களின் பெயருக்கு, ஊருக்கு, மாதத்துக்கு என்று தனித்தனிக் குறிகள். மேரியின் சங்கேதம் இந்த வகை. இதை உடைக்கிற நிரல் ஒரு குருட்டு ஊகத்தில் தொடங்குகிறது. இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று வாய்க்கு வந்தபடி ஒரு சாவி. அதை வைத்துக் கடிதத்தைப் பெயர்த்துப் பார்க்கும். வருகிற குப்பையில் பிரெஞ்சின் சாயல் எவ்வளவு என்று மதிப்பெண் போடும். பிறகு சாவியில் ஒன்றிரண்டு குறிகளை இடம் மாற்றும். மதிப்பெண் ஏறினால் வைத்துக்கொள்ளும், இறங்கினால் பெரும்பாலும் தள்ளிவிடும். சலிக்காமல், கை வலிக்காமல், லட்சக்கணக்கான தடவை இதையே செய்யும். ஒரு கட்டத்தில் குப்பைக்குள்ளிருந்து மொழி முளைக்கிறது. எனக்கு இதைவிட ஆனந்தமான காட்சி கணினி உலகத்தில் வேறு இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறதே! தாளில் இருக்கிற ஒவ்வொரு குறியையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, இது இன்ன குறி என்று அடையாளம் போட்டு உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு சுழி இழுத்து எழுதியதா, மை தெறித்ததா? புள்ளியா, தூசியா? மொத்தமாக ஐம்பதாயிரம் சொற்கள் தேறும் கடிதங்களுக்கு இந்த வேலை. அதற்குப் பின்னாலும் வேலை ஓயவில்லை. நிரல் எழுத்துகளைப் பிடித்துக் கொடுத்தாலும், பெயர்களுக்கான குறிகளை மனிதர்கள்தான் இடம் பார்த்து, சூழல் பார்த்து, ஒவ்வொன்றாக விடுவித்தார்கள்.

எழுதியது ஒரு பெண் என்பதை இலக்கணம் காட்டிக்கொடுத்தது. பிரெஞ்சில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பால் தெரியும்படி சொல்லின் ஈறு மாறும். எழுதியவர் பெண். கைதி. மகன் இருக்கிறான். எலிசபெத்தின் அமைச்சரும் ஒற்றர் படைத் தலைவருமான பிரான்சிஸ் வால்சிங்கத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் காலத்தை அறிந்த ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பட்டியல் சொன்ன இத்தாலி ஒரே நொடியில் கரைந்துபோய், 1578 முதல் 1584 வரையிலான இங்கிலாந்து அந்த இடத்தில் வந்து நின்றது. ஏற்கெனவே தெரிந்தவையும் சேர்த்து மொத்தம் 57 கடிதங்கள்; அவற்றில் பெரும்பாலானவை லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் மிஷேல் த காஸ்டெல்னோவுக்கு எழுதியவை.

கண்டுபிடித்தது சரியா என்று எப்படி உறுதி செய்வது? இந்த இடம்தான் எனக்கு உச்சம்! அந்தத் தூதரகத்துக்குள்ளேயே வால்சிங்கத்துக்கு ஓர் ஆள் இருந்தார். மேரியின் கடிதங்கள் சிலவற்றின் பிரதிகள் அவர் வழியாகக் கசிந்து வால்சிங்கத்தின் கைக்குப் போயின. அவை சங்கேதம் நீங்கிய வடிவில் இங்கிலாந்தின் ஆவணங்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன. பாரிஸில் உடைத்த சங்கேதத்தை அந்தப் பிரதிகளோடு வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. மேரியை அழிக்கத் திருடிய தாள்கள், நானூற்று நாற்பது வருஷம் கழித்து மேரியின் குரலுக்குச் சாட்சி சொல்கின்றன.

அந்தக் குரல் என்ன சொல்கிறது? உடம்பு சரியில்லை, வைத்திருக்கும் இடம் சரியில்லை என்ற முறையீடு. விடுதலைக்கான பேரம். வால்சிங்கம் நட்பாகப் பேசுவதெல்லாம் நடிப்பு என்ற எச்சரிக்கை. எலிசபெத்துக்கு வேண்டியவரான லெஸ்டர் பிரபுவின் மேல் ஆறாத கசப்பு. 1582 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் சிலர் அவர் மகன் ஜேம்ஸைக் கடத்திச் சிறைவைத்தபோது எழுதியவற்றில், பிரான்ஸ் தங்களைக் கைவிட்டுவிட்டது என்ற பதைப்பு. ஒரு தாய் எழுதுகிறார், அதே வரியில் ஓர் அரசியல்வாதியும் எழுதுகிறார். தியாகி என்றும் சதிகாரி என்றும் இரண்டே கட்டத்துக்குள் அடைத்துவைத்திருந்த மேரியை, அன்றாடம் கணக்குப் போட்டுக் காய் நகர்த்திய ராஜதந்திரியாக இனி யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த முடிவுகள் 2023 பிப்ரவரியில், அவர் தலை விழுந்த அதே நாட்களை ஒட்டி, 'கிரிப்டோலோஜியா' ஆய்விதழில் வெளிவந்தன.

அடுத்த அறை பிரான்சின் நான்சி நகரில். மேரிக்கு ஒரு தலைமுறை முந்திய கதை. அங்குள்ள ஸ்டானிஸ்லாஸ் நூலகத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் எழுதிய சங்கேதக் கடிதம் ஒன்று கிடப்பதாக சங்கேதவியல் ஆய்வாளர் செசில் பியரோவுக்கு ஒரு விருந்தில்தான் காதில் விழுந்தது. தேடிப் பிடித்தார். 1547 பிப்ரவரி 22 தேதியிட்டது, பிரான்சில் இருந்த தன் தூதர் ஜான் த சான்-மோரிஸுக்கு எழுதியது. ஏறத்தாழ 120 குறிகள். இருக்கிற எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்க்கலாம் என்றால் பிரபஞ்சத்தின் வயசு போதாது. முழுச் சொல்லுக்கு ஒரு குறி, பொருளே இல்லாமல் ஏமாற்றுவதற்கென்று போட்ட குறி, இப்படி வகை வகையாக இருந்தன. ஆனால் அந்தச் சங்கேதத்தின் ஓர் உத்தியைப் படித்தபோது நான் துள்ளிவிட்டேன். மெய்யெழுத்துக்குப் பின்னால் உயிர் வந்தால் அதைத் தனியாக எழுதாமல், மெய்யின் குறியோடு ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டிவிடுகிறார்கள். நம் உயிர்மெய் ஏற்பாடேதான்! கொம்பும் காலும் போட்டு வளர்ந்த நமக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிபடுகிற விஷயம், தனித்தனி எழுத்தாகவே படித்துப் பழகிய ஐரோப்பியக் கண்ணுக்குப் பெரும் புதிர்.

புதிரை அவிழ்த்ததில் பாதிப் பங்கு வரலாற்றாசிரியர் கமீய் தெஸான்க்லோவுக்கு. அதே தூதர் பெற்ற வேறொரு கடிதத்தை அவர் பெசான்சோன் நகரில் கண்டெடுத்தார். அதன் ஓரத்தில், சங்கேதத்துக்கு என்ன பொருள் என்று வாங்கியவரே குறித்துவைத்திருந்தார்! 2022 நவம்பரில் விஷயம் வெளியே வந்தது. பாதி ஐரோப்பாவை ஆண்ட சக்கரவர்த்திக்கு உள்ளூர ஒரு பயம். இத்தாலியப் படைத்தலைவன் பியர் ஸ்ட்ரோத்ஸி தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறான் என்ற வதந்தி அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. 1544-ல் பிரான்சோடு சமாதான உடன்படிக்கை போட்டிருந்தும் உள்ளே எவ்வளவு நம்பிக்கையின்மை புகைந்தது என்பது இந்த மூன்று பக்கத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

இரண்டு அறைகளிலும் நான் கண்டது ஒரே விஷயம். இயந்திரம் எண்ணுகிறது. காலத்தை அறிந்தவர் அடையாளம் காண்கிறார். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் இரண்டடி நகர முடியாது. கணினி வந்து வரலாற்றாசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பின்கட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது பெரிய கூடம். இங்கே ஒரு கடிதமும் பிரிக்கப்படுவதில்லை, மேல்விவரம் மட்டும் போதும்! யார் எழுதினார், யாருக்கு, எந்தத் தேதி, எந்த ஊரிலிருந்து. எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்த 1509 முதல் எலிசபெத் இறந்த 1603 வரை இங்கிலாந்து அரசின் ஆவணங்களில் தங்கிய கடிதங்கள் 1,23,850. அவற்றில் வரும் ஆட்கள் 20,424 பேர். இலக்கிய வரலாற்று ஆய்வாளர் ரூத் ஆனெர்ட், அவர் கணவரும் இயற்பியலாளருமான செபாஸ்டியன் ஆனெர்ட், இருவரும் சேர்ந்து இந்த மொத்தக் கூட்டத்தையும் ஒரே வலைப்பின்னலாகப் பின்னிவிட்டார்கள். 'டியூடர் நெட்வொர்க்ஸ் ஆஃப் பவர்' என்ற புத்தகம் 2023-ல் வந்தது.

பின்னுவது என்றால் பொத்தானை அமுக்கினால் வந்துவிடுமா? பெயர்களைப் பாருங்கள். வில்லியம் செசில் என்பவர் எலிசபெத்தின் வலதுகை. 1571-ல் பர்லி பிரபு ஆகிறார், அடுத்த வருஷம் நிதியமைச்சர் பதவி. செசில், சர் வில்லியம், பர்லி, நிதியமைச்சர் எல்லாம் ஒரே ஆள் என்று கணினிக்கு யார் சொல்வது? சொல்லாவிட்டால் அது நான்கு பேரை உண்டாக்கி நான்கு மூலையில் உட்காரவைத்துவிடும். நார்போக் கோமகன் கதை இதற்கு நேர் தலைகீழ். இந்தக் காலத்தில் அந்தப் பட்டம் தாங்கியவர்கள் மூன்று பேர். மூவருக்கும் பெயர் தாமஸ் ஹோவர்டு! ஒருவர் 1524-ல் காலமானார். அவர் மகன் 1554-ல். அந்த மகனுடைய பேரன், நம் மேரி ராணியை மணக்கத் திட்டமிட்டுச் சதியில் சிக்கி 1572-ல் தலையிழந்தார். மூவரையும் ஒருவர் என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ அறுபது வருஷம் ஓயாமல் கடிதம் எழுதிய ஓர் அதிசய மனிதர் பிறந்துவிடுவார். இருபதாயிரம் பேருக்கும் இந்த விசாரணையை நடத்த வேண்டும். வலைப்பின்னல் படத்தின் அழகைப் பார்த்து வாய்பிளக்கிறவர்கள், இந்த வருஷக்கணக்கான தூய்மைப் பணிக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

இன்னொரு கும்பிடு அதற்கும் முன்னால் உழைத்தவர்களுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துத் தேதியும் சுருக்கமும் எழுதிவைத்த பதிப்பாசிரியர்கள் இல்லாவிட்டால் கணினிக்குத் தீனியே இல்லை. எட்டாம் ஹென்றியின் காலத்துக்கு மட்டும் ப்ரூவர், கெய்ர்ட்னர், ப்ரோடி என்று கைமாறிக் கைமாறி 1862-ல் தொடங்கிய தொகுதிகள் 1932 வரை வந்துகொண்டே இருந்தன.

வலை தயாரானதும் கேள்வி கேட்கத் தொடங்கலாம். யாருக்கு அதிகக் கடிதம் என்று கேட்டால் அரசர், அமைச்சர் என்று தெரிந்த பதிலே வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒன்றோடொன்று பேசாத இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் பாலமாக நிற்பது யார்? ஊரில் கல்யாணத் தரகருக்கு உறவு நாலே வீடாக இருக்கலாம். ஆனால் இந்தக் குடும்பமும் அந்தக் குடும்பமும் பேச வேண்டுமென்றால் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படி, கடிதம் குறைவாகவும் இடைநிலை உயரமாகவும் இருக்கிறவர்களைக் கணினி வடிகட்டித் தந்தபோது, யார் யார் வந்து நின்றார்கள் தெரியுமா? ஒற்றர்கள்! சதிகாரர்கள்! இரண்டு பக்கமும் செய்தி விற்றவர்கள்! கடிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமலேயே, யார் யாருக்கு எழுதினார் என்பதை மட்டும் வைத்து.

இதே தம்பதி இதற்கு முன்னால் இன்னொரு சின்ன வலையைப் பின்னியிருந்தார்கள். இது வேறு மேரி, 1553 முதல் 1558 வரை ஆண்ட இங்கிலாந்து ராணி. அவர் ஆட்சியில் 280-க்கும் மேற்பட்ட புராட்டஸ்டண்டுகளை எரித்துக் கொன்றார்கள். சிறையில் கிடந்த தலைவர்கள் வெளியே கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தலைவராகத் தீயில் மறைந்தபோது அந்த இயக்கம் சிதறாமல் நின்றதற்குக் காரணம் யார் என்று வலையைக் கேட்டார்கள். புத்தகங்களில் ஓரமாக இருந்த பெயர்கள் நடுவில் வந்து நின்றன. கடிதம் சுமந்தவர்கள், பணமும் உதவியும் அனுப்பியவர்கள், அவர்களில் பல பெண்கள். பிஷப் லேட்டிமரின் பணியாளாக இருந்த சுவிஸ்காரர் அகஸ்டின் பெர்னர், சிறைக்கும் சிறைக்கும் நடுவே ஓடிய அந்த மனிதர், பெரிய பெரிய இறையியலாளர்களுக்குச் சமமாக நிற்கிறார். அரசியல் இயக்கங்களைப் பேச்சாளர்களை வைத்தே எழுதிப் பழகிய நமக்கு இது எவ்வளவு அவசியமான திருத்தம்!

ஓர் எச்சரிக்கையை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலை காட்டுவது ஆவணத்தை, உலகத்தை அல்ல. எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1540 ஜூனில் கைதானபோது அவர் தாள்கள் அரசிடம் போயின. அவருக்கு வந்த கடிதங்கள் மலையாக இருக்கின்றன, அவர் அனுப்பியவற்றில் மிஞ்சியது மிகக் குறைவு. அதை மறந்து படத்தைப் பார்த்தால், எல்லோரும் எழுத, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் என்று க்ராம்வெல்லைப் பற்றித் தோன்றிவிடும். அவரா அப்படி!

கடைசி அறைக்கு ஓடி வாருங்கள், இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரில் தபால் நிலையம் நடத்திய சிமோன் த ப்ரியென், அவர் மனைவி மரி ஜெர்மென் இருவரும் ஒரு பெட்டி நிறையச் சேராத கடிதங்களை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் தபால் கூலி கொடுக்க வேண்டியவர் வாங்குகிறவர். ஆள் இல்லை, அல்லது வாங்க மறுத்தார் என்றால் கடிதம் பெட்டிக்குள் போகும். அப்படிச் சேர்ந்தவை 2,600-க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 600 இன்றுவரை பிரிக்கப்படவே இல்லை. உறை என்று தனியாக ஒன்று அப்போது கிடையாது. தாளையே மடித்து, செருகி, முத்திரை வைத்துப் பூட்டுவார்கள். பிரித்தால் பூட்டு கிழியும், அந்த மடிப்பில் இருக்கும் வரலாறும் போய்விடும்.

பிரிக்காமல் படிப்பது எப்படி? லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் பற்களின் கனிமத்தை அளப்பதற்காகச் செய்த நுண் எக்ஸ்ரே ஸ்கேனருக்குள் கடிதத்தை வைத்தார்கள்! மையில் இரும்பு இருப்பதால் எக்ஸ்ரேயில் எழுத்து பளிச்சென்று தெரியும். சிக்கல் என்னவென்றால், எட்டாக மடித்த தாளின் எல்லா எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொரு அடுக்கையும் பிரித்து உணர்ந்து, மடிப்பு மடிப்பாகத் திரையில் விரித்து, தட்டையாக்கித் தருகிற நிரலை எழுதினார்கள். 2021 மார்ச்சில் உலகம் முதல் கடிதத்தைப் படித்தது. 1697 ஜூலை 31 அன்று லீல் நகரிலிருந்து ஜாக் செனாக் என்பவர் ஹேக்கிலுள்ள தன் உறவினரான வியாபாரி பியர் லெ பெர்ஸுக்கு எழுதியிருக்கிறார். தானியல் லெ பெர்ஸ் என்பவரின் மரண அறிவிப்புக்கு ஒரு சான்றிட்ட பிரதி வேண்டும் என்று கேட்கிறார். தாளின் நடுவில் பறவை உருவம் பதிந்த நீர்க்குறி தெரிகிறது. லீல் அப்போது பிரான்சின் ஊர், ஹேக் எதிரி நாட்டு அரசின் இருப்பிடம். ஒன்பது வருஷப் போர் முடிந்து ரிஸ்விக் சமாதானம் கையெழுத்தாக இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் எல்லை தாண்டிய குடும்பம் ஒன்று ஒரு சான்றிதழுக்காகத் தவிக்கிறது. பெரிய அரசியலின் அடியில் குடும்பங்கள் எப்படி நசுங்கின என்று காட்ட இதைவிட நேரான சாட்சியம் எங்கே கிடைக்கும்?

இப்போதும் வேலை நிறைய மிச்சமிருக்கிறது. தூதர்களும் மன்னர்களும் எழுதிய சங்கேதக் கடிதங்களையும் சாவிகளையும் 'டீகோட்' என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். உடையாதவை ஏராளம். குறிகளைத் தானே அடையாளம் காண இயந்திரங்களைப் பழக்குகிறார்கள். உடைக்கிற மென்பொருளான 'கிரிப்டூல்' இலவசம். ஸ்காட்லாந்து ராணி மேரி தான் எழுதியதாகவே குறிப்பிடும் வேறு சில கடிதங்கள் இன்னும் கைக்கு வரவில்லை. இணையத்தில் ஏறாத கட்டுகளையும் நேரில் போய்ப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் அவர் சங்கேதத்தை உடைத்த அந்த மூவர். பிரெஞ்சு தெரிந்த, பொறுமை உள்ள, புதிர் என்றால் சாப்பாடு மறக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இதை இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.